பேச்சி கட்டிய அபராதம்

பேச்சிக்கு மலையாளம் வராது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கொச்சிக்கு வந்து, மகளைப் பெற்று ஆளாக்கி, கொத்தனார் புருஷன் தங்கதுரையையும் இந்த மண்ணிலேயே பறிகொடுத்தவள். பள்ளுருத்தி மீன் மார்க்கெட்டில் அவளோடு விலை பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. அவள் பேசுவது என்னவோ தமிழ்தான்; வால் மட்டும் மலையாளம். கேட்கிறவர்களுக்குப் புரியும், அவளுக்கும் காரியம் நடக்கும். அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தைரியமாக உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனுக்கு ஏன் போனாள் என்றால், வேலைக்காகத்தான். மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்குகளுக்கு நடுவே ஒரு பழைய மாடிக் கட்டிடத்தில் மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்று இருக்கிறது. அனூப் என்பவர் நடத்துகிறார். பேச்சி அங்கே உதவியாள். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, நகம் வெட்டுவது, கத்துகிறவர்களைப் பேசிப் பேசி அடக்குவது எல்லாம் அவள் பாடு. அங்கே இருக்கும் நோயாளிகளில் ஒருவன் குழந்தைசாமி. அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

முதலில் அவனைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் அவள் அந்தப் படியேறினாள். மாதாமாதம் கட்டணம் கட்ட வழியில்லை என்று தெரிந்ததும் அனூப், ஆளில்லாமல் திண்டாடுவதாகவும், அவள் வேலைக்கு வந்தால் தம்பி இங்கேயே இருக்கலாம் என்றும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: இங்கே யாரையும் கட்டிப்போட மாட்டோம். பேச்சி அந்த வார்த்தைக்காகவே அவருக்கு வாழ்நாள் முழுக்க உழைக்கத் தயாராக இருந்தாள். வேலை இருக்கும்வரை தம்பிக்குக் கட்டில் உண்டு. வேலை போனால் கட்டில் போகும், அவனை ஊருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஊரில் அவனுக்கென்று வைத்திருந்தது ஒரு சங்கிலி.

ஊர் என்றால் சங்கரன்கோவில் பக்கம். பெயர் வேண்டாம், சொன்னால் வாயில் நல்ல வார்த்தை வராது. கோயில் கொடையன்று, மேளச் சத்தத்தில் மிரண்டுபோன குழந்தைசாமி ஒரு கல்லை எடுத்து வீசினான். அது சப்பரத்தின் கண்ணாடி விளக்கில் போய் விழுந்தது. சீக்குக்காரப் பயல், தெரியாமல் செய்துவிட்டான் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. கொடிமரத்துப் பக்கத்திலிருந்த கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெற்றவர்கள் இல்லாத வீடு, அக்காதான் கொச்சியிலிருந்து அடித்துப் பிடித்து ஓடினாள். தம்பி செய்த தப்புக்கு அவள் கூட்டத்தில் ஒவ்வொருவர் காலிலும் விழவேண்டும், கோயிலுக்கு ஒரு வெண்கல மணி வாங்கி வைக்கவேண்டும் என்று அபராதம் போட்டார்கள். காதில் கிடந்ததைக் கழற்றி விற்று மணி வாங்கினாள். மணியில் பேர் வெட்டும்போது மட்டும் ஊர்த்தலைவர் ராசப்பன், அபராதம் என்று வெட்டினால் அசிங்கமாக இருக்கும், உபயம் என்று போடு என்றாராம். அப்படியே போட்டார்கள்.

மணி தொங்கிய பிறகுதான் சாவி கொடுத்தார்கள். பேச்சி சங்கிலியைக் கழற்றி, "அபராதம் கட்டியாச்சுலே, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்படி வந்தவன்தான் குழந்தைசாமி. பெரும்பாலும் சத்தமில்லாமல் இருப்பான். மாத்திரை விஷயத்தில்தான் தகராறு. தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது என்ற பயம் அவனை விடவில்லை. பேச்சி முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டவேண்டும். அதே தம்ளரை வாங்கித்தான் அவன் மாத்திரையை விழுங்குவான். நர்ஸ் பிந்துவும் குடித்துக் காட்டிப் பார்த்திருக்கிறாள். "நீ அங்கிட்டுப் போய்த் துப்பிருவே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இந்த நிலையில்தான் எங்கோ ஒரு காப்பகத்தில் ஊழியன் ஒருவன் நோயாளியைப் போட்டு அடிக்கும் வீடியோ செல்போன் செல்போனாகச் சுற்றியது. சட்டம் இறுகியது. காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பயிற்சி முடித்திருக்கவேண்டும், அவர்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வாங்கவேண்டும், இல்லையென்றால் காப்பகத்துக்கு லைசென்ஸ் இல்லை. சட்டம் தப்பென்று யாரும் சொல்ல முடியாது. வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேச்சியே, "கண்டவனையும் உள்ள விட்டா இப்படித்தான் நடக்கும். நல்லா வேணும்" என்று சொன்னவள்தான். கலூரில் நடந்த பயிற்சி வகுப்புக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்து, வாய்மொழித் தேர்வில் தேறி, அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து சுவரில் மாட்டியும்விட்டாள். மிச்சம் போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான்.

ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரர் நல்ல மனுஷன். தங்கமான மனுஷன் என்றே சொல்லலாம். ஒரு சாயா கூட வரவழைத்துக் கொடுத்தார்.

"நாட்டில் சேச்சிக்கு வல்ல கேஸும் உண்டோ?" என்று கேட்டார். ஊரில் அக்காவுக்கு ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று அர்த்தம்.

இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் போலீஸிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்களே! பேச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேஸொண்ணும் இல்ல சாரே. ஒரே ஒரு அபராதம் உண்டு."

போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார். "அபராதமோ?"

"ஆமா சாரே. அது அப்பவே தீர்ந்து."

"எந்தினு வேண்டி?" எதற்காக என்று கேட்டார்.

"என்டெ தம்பி காரணம்தான் சாரே. ஊரு முழுக்க அறியும்."

"சேச்சி சம்மதிச்சோ?"

"சம்மதிச்சு சாரே. எல்லாரு காலிலயும் விழுந்து சம்மதிச்சு."

அவர் அதையும் எழுதினார். எழுதியதைத் திருப்பி வைத்து, ஒப்பிடச் சொன்னார். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. அது அவளுக்குத் தெரியும். எழுதியிருந்ததைப் படிக்கத்தான் தெரியாது. தமிழில் 'பேச்சி' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, சாயாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்து அனூப் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. அதுவே அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"சேச்சி அபராதம் செய்தென்னு போலீஸ் ரிப்போர்ட் வந்நு. எந்தாணு சேச்சீ இது?"

"அதா சாரே! அது எல்லாம் நம்ம குழந்தைசாமியாலதான்."

அனூப்பின் முகம் மாறியது. "சேச்சி அவனெ எந்தெங்கிலும் செய்தோ?"

அவனை ஏதாவது செய்தாயா என்று அவர் கேட்டார். அவனுக்கு ஏதாவது செய்தாயா என்று அவள் காதில் விழுந்தது. அவனுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்தாள்?

"செய்யாம பின்ன? நான் செய்யாம வேற ஆரு செய்யும் சாரே?" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். சான்றிதழ் சரியாகி வரும்வரை காப்பகத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றார். பேச்சிக்கு அவர் சொன்னது புரிந்தது, ஏன் சொன்னார் என்பதுதான் புரியவில்லை. மாத்திரை நேரம் சாரே, ஒரு வாய் தண்ணி குடிச்சுக் காட்டிட்டுப் போறேன் என்று கெஞ்சினாள். அதற்கும் அனுமதி இல்லை. படியிறங்கும்போது மேலேயிருந்து தம்பி "எக்கா" என்று கூப்பிடுவது கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான்.

மகள் இசக்கிசெல்வி கலூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். அவள் மறுநாள் போய் அந்த ரிப்போர்ட்டின் நகலை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"எம்மா, அபராதம்னா என்னம்மா சொன்னே அவருட்ட?"

"அபராதம்னா அபராதம்தான்ட்டி. தப்புக்குத் தெண்டம் கட்டுறது."

"அது உனக்கு. இங்க அபராதம்னா குற்றம்மா. ஒரு குற்றம் செஞ்சேன், தம்பி சம்பந்தமா, ஊரறிய ஒத்துக்கிட்டேன்னு எழுதி, கீழ உன் கையெழுத்து இருக்கு."

"அப்ப தெண்டத்துக்கு இங்க என்னட்டி பேரு?"

"பிழ."

"பிழையா? பிழைன்னால்லட்டி தப்பு?"

"அங்க தப்பு. இங்க தெண்டம்."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ஒரு ஊர்க்காரன் தப்பு என்பதை அடுத்த ஊர்க்காரன் தண்டம் என்கிறான், தண்டம் என்பதைக் குற்றம் என்கிறான், நடுவில் மாட்டிக்கொண்டவள் இவள். அனூப் சார் தன்னைப் பார்த்த பார்வை எதற்கென்று அப்போதுதான் பேச்சிக்கு உறைத்தது. தம்பியை ஏதோ செய்தவள் என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்! அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

போலீஸ்காரரிடம் போனார்கள். அவர் கேட்டுவிட்டுத் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார். "அய்யோ, ஃபைனாயிருந்நோ சேச்சீ!" என்று மனதார வருத்தப்பட்டார். ஆனால் ரிப்போர்ட் மேலே போய்விட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தைச் சும்மா வாய்வார்த்தையால் மாற்ற முடியாது. எந்தக் கோர்ட், என்ன ஃபைன், கட்டியதற்கு ரசீது எங்கே? ஏதாவது ஒன்று கொண்டுவந்தால் போதும், நான் சரியாக்குகிறேன் என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்க்கூட்டம் போட்ட அபராதத்துக்கு எந்த ஊரில் ரசீது கொடுத்திருக்கிறார்கள்?

பேச்சி ராசப்பனுக்குப் போன் செய்தாள். எவன் காலில் விழுந்தாளோ அவனிடமே மறுபடி கெஞ்சினாள். ஊர் அபராதம் போட்டது, அது சின்ன விஷயம், குற்றம் இல்லை என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் தம்பிக்கு ஒரு வழி பிறக்கும் என்றாள்.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?" என்றார் ராசப்பன். "ஊரு அபராதம் போட்டுச்சுன்னு நான் எழுதிக் குடுத்தா, கட்டப்பஞ்சாயத்துன்னு என்னையல்லா தூக்கி உள்ள வைப்பான்? அபராதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ மணி வாங்கி வச்சே. அது உபயம். மணியிலயே வெட்டியிருக்குல்லா."

"நான் எல்லாரு காலுலயும் விழுந்தேனே, மாமா."

"கோயில்ல விழுந்தே. கோயில்ல விழாம எங்க விழுவாக?"

போனை வைத்துவிட்டார். பேச்சி போன் இருந்த கையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். திட்டவும் தெம்பில்லை.

இதற்குள் காப்பகத்திலிருந்து வந்த செய்தி எதுவும் நன்றாக இல்லை. பேச்சி தினமும் வழக்கம்போலப் பஸ் ஏறி மட்டாஞ்சேரிக்குப் போய், எதிர்க் கிடங்கின் இறவாரத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்பாள். பிந்து ஜன்னல் வழியாகக் கையசைத்து நிலவரம் சொல்வாள். மாத்திரையை வாயில் போட்டாலும் துப்புகிறான். சோற்றையும் தள்ளிவிடுகிறான். தூங்குவதில்லை. ஒருநாள், முந்தின நாள் நடந்ததைச் சொல்லப் பிந்துவே கீழே இறங்கி வந்துவிட்டாள்.

"சேச்சீ, இன்னலெ அவன் ஜன்னல் கண்ணாடிய உடச்சு. இங்ஙனெ போயால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு விடேண்டி வரும்னு சார் பறயுன்னு."

"நீயாவது சொல்லு மோளே, நான் அவன ஒண்ணும் செய்யலன்னு சாருட்டச் சொல்லு."

"எனிக்கறியாம் சேச்சீ. சாருக்கும் அறியாம். பக்ஷே லைசென்ஸ் போயால் பாக்கியுள்ளவரும் தெருவிலாவும்."

அவள் ஒன்றும் செய்யவில்லை என்று பிந்துவுக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்; லைசென்ஸ் போனால்தான் வம்பு. அதுவும் உண்மைதான். ஒரு குழந்தைசாமிக்காக மற்றவர்களைத் தெருவில் விட முடியுமா? யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் பேச்சி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஏதோ தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. தம்பியின் தட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் மகளிடம் சொன்னாள்: "ராசப்பன் சொன்னதையே சொல்லிருவோம்ட்டி."

"என்னது, உபயம்னா? அது பொய்யில்லையாம்மா?"

"உண்மையச் சொல்லித்தான இப்படி நிக்கேன்?"

ராசப்பனுக்கு மறுபடி போன் போனது. உபயம் என்றால் அவருக்கு வாயெல்லாம் பல். மணியைப் புளி போட்டு விளக்கச் சொல்லி, பளபளவென்று போட்டோ எடுத்து அனுப்பினார். 'பேச்சி தங்கதுரை உபயம்' என்று எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. கூடவே, அவள் கோயிலுக்கு மணி வாங்கிவைத்த நல்ல பெண் என்று கோயில் முத்திரை குத்தி ஒரு கடிதாசும் அனுப்பினார். அந்த ஊர் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அபராதம் என்று வாய் தவறிச் சொன்னது கோயில் மணி உபயத்தைத்தான் என்று போலீஸ்காரர் புது வாக்குமூலம் எழுதினார். இந்தத் தடவை இசக்கிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துச் சொன்ன பிறகுதான் பேச்சி கையெழுத்துப் போட்டாள். போலீஸ்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அப்படியானால் எல்லோர் காலிலும் விழுந்தேன் என்றீர்களே, அது யார் காலில் என்று கேட்டார்.

மகள் வாயைத் திறக்கப் போனாள். பேச்சி அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் விடாமல் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்ததும், வெற்றிலை மென்றுகொண்டே ஒருவன் காலை நீட்டிக் கொடுத்ததும், கம்பத்திலிருந்து தம்பி பார்த்துக்கொண்டிருந்ததும் அவள் கண்ணுக்குள் வந்து போயின.

"சாமி காலில சாரே," என்றாள். "எல்லா சாமி காலிலயும்."

அவர் திருப்தியாக எழுதிக்கொண்டார்.

சான்றிதழ் வந்தது. இவர் பேரில் குற்றம் ஏதும் இல்லை என்று மகள் படித்துச் சொன்னாள். பேச்சி அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு ஓடினாள். கேட்டைத் திறந்தார்கள். அனூப் படிக்கட்டிலேயே எதிரே வந்தார். சான்றிதழை வாங்கிப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

"சேச்சி... இன்னலெ ராத்திரி வேறெ வழியில்லாயிருந்நு," என்றார்.

நேற்று ராத்திரி வேறு வழியில்லாமல் என்ன செய்தார்கள் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கடைசி அறைக்கு ஓடியபோதுதான் விளங்கியது. குழந்தைசாமி கட்டிலில் கிடந்தான். படுக்கை விரிப்பைக் கிழித்து, அந்தத் துணியால் அவன் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு வீங்கிச் சிவந்திருந்தது. தாடியும் வற்றிப்போன கன்னமுமாக, அவள் ஊரிலிருந்து கூட்டி வந்த அன்றைக்கு இருந்தானே, அதே போல இருந்தான்.

பேச்சி அனூப்பைத் திட்டவில்லை. திட்டினால் அழுதுவிடுவாள், அழுதால் அவன் பயந்துவிடுவான். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு கை விடுபட்டது, பிறகு அடுத்த கை. அவன் கையை மடக்கக்கூட இல்லை. கட்டிவைத்தபடியே நீட்டி வைத்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்துக் கிடந்தான்.

பிந்து மாத்திரையும் தம்ளரும் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சி ஒரு வாய் குடித்துக் காட்டினாள். அவன் பார்க்கவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். "லே சாமி, அக்கா குடிச்சுட்டேன் பாருலே" என்றாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் தம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள், பல்லைக் கடித்துக்கொண்டான். வாசலில் நின்ற அனூப் மெதுவாக நகர்ந்து போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து அவன் தலையைத் திருப்பினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தான். காதில் ஈர்க்குச்சிதான் கிடந்தது.

"எக்கா," என்றான். குரல் கட்டிப்போயிருந்தது. "அபராதம் கட்டியாச்சா?"

ஜாக்கெட்டுக்குள் அந்தப் பிளாஸ்டிக் கவர் நெஞ்சில் குத்தியது. அபராதமே கிடையாது, ஒருநாளும் கிடையாது என்று அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிய சான்றிதழ்.

"கட்டியாச்சுலே," என்றாள் பேச்சி. "எல்லாம் கட்டியாச்சு. வா."

அவன் வாயைத் திறந்தான்.